தரக்குழுவும் ஓர் ஈரச் சடையும்

எக்ஸ்ரேயின் தரத்தை உயர்த்த ஊழியர் எல்லாரும் பங்கெடுக்க வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு குழு போட்டது. நசரத்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கிற தனியார் ஆஸ்பத்திரி. குழுவில் கணக்குப் பிரிவு இருந்தது, மருந்துக் கடை இருந்தது, கேண்டீன்காரர்கூட இருந்தார். எக்ஸ்ரே எடுக்கிற நான் மட்டும் இல்லை. மேலாளரிடம் கேட்டேன்.

"நீங்க கூட்டத்துக்கு வந்துட்டா எக்ஸ்ரே ரூம யாரும்மா பாக்கறது?" என்றார். நியாயமான மனிதர்.

கூட்டம் கூடியது, பஜ்ஜி தீர்ந்தது, முடிவு வந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு படம்தான். இரண்டாவது எடுத்தால் அது தரக்குறைவு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் குழுவின் அனுமதி வேண்டும். முதல் படம் தெளிவாக இருக்க வேண்டுமா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து எங்கள் தரம் ஏறுமுகம்தான். ஆடிப்போன படம், பாதி நுரையீரல் வெட்டுப்பட்ட படம் எல்லாம் ஒரே தடவையில் பாஸானது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை திருவேற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அம்பத்தூரில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாளே நெஞ்சு எக்ஸ்ரேயோடு போய்ச் சேர வேண்டும். தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் பின்னிய கனத்த சடை. தூக்கிக் கட்டச் சொன்னேன், கட்டினாள். மூச்சை இழுத்துப் பிடித்த நேரம் பார்த்து அது அவிழ்ந்து தோளில் விழுந்தது. திரையில் நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. ஈரச் சடை எக்ஸ்ரேயில் அப்படித்தான் விழும். உடனே மேலாளருக்குப் போன் செய்தேன்.

"குழு அடுத்த வாரந்தான் கூடுது. டாக்டர் பாத்துக்குவாரு, அனுப்புங்க."

டாக்டர் மாடியில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவர். சடையைப் பார்த்ததில்லை. 'காசநோயாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டார்.

அந்தத் தாளோடு அவள் ஓடி வந்தாள். "இன்னா மேடம் இது, டிபின்றாங்கோ? நான் நல்லாத்தானே கீறேன்! இத்த காட்னா கம்பெனி உள்ளயே உடமாட்டாங்க. இந்த வேலைய நம்பித்தான் புள்ளய இஸ்கூல்ல சேத்துகீறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவாவது மண்ணாவது! அவளை உள்ளே இழுத்துப் போய், என் கிளிப்பைக் கழற்றி அவள் சடையை உச்சந்தலையில் குத்தி, இன்னொரு படம் எடுத்தேன். நுரையீரல் பளிச்சென்று இருந்தது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்தார்.

மாற்றிய ரிப்போர்ட்டில் மேலாளர் கையெழுத்து வேண்டும். பேனாவோடு வந்தவர் மூடியைத் திறக்கவில்லை.

"இந்த மாசம் ஒரு ரெண்டாவது படங்கூட இல்லாம வந்துகிட்டிருந்தோம். கெடுத்துட்டீங்களேம்மா! என்ன காரணம்னு எழுதிக் குடுங்க."

"சடை சார்."

"யார் சடை?"

அவள் நடுவில் வந்து நின்றாள். கிளிப்பை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, சடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்துதான் சார். கத்திரி இருந்தா குடு, இங்கயே அறுத்துப் போட்டுடறேன். அவங்கள திட்டாத. நீ கையெழுத்து மட்டும் போடு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மேலாளர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். தாள் கைக்கு வரும்வரை அவள் சடையை விடவில்லை.