பிரேக் ஆயில்

சூடேறிய பிரேக்கின் நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரப்பரும் இரும்பும் ஒன்றாகத் தீய்வது போல இருக்கும். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பாதையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், டாக்டரம்மாவின் பழைய காருக்குள் அந்த நெடி வந்தது. டிரைவர் அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்சீட்டில் டாக்டரம்மாவும், இடுப்புவலி கண்ட மலைப்பெண் ஒருத்தியும். வளைவுக்கு முன்னால் டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். அது தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மறுபக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். நான்கு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது.

பின்னால் வந்த ஜீப்பில் டாக்டரம்மா அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஆண் குழந்தை பிறந்தது. நாங்கள் இருவரும் வண்டி ஆறும்வரை காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து, அங்கிருந்து டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி சேர்ந்தோம். வழியில் டிரைவர் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் அவர் வேலைக்கு வரவில்லை.

அது இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. டாக்டரம்மாவின் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டரம்மா களமருதூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். கார் அவருடைய அப்பா வைத்திருந்தது. வாரம் ஒருநாள் மலைக்குப் போய்க் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துவிட்டு வருவது அவர் பழக்கம். தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரரான டிரைவர் அண்ணன் பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியை ஓட்டினார். மறியலில் இறங்கியது அவருடைய சாதி ஜனங்கள்தான். டாக்டரம்மாவும் அந்தச் சாதி இல்லை, நானும் இல்லை. அதற்கு முன்னால் எங்கள் மூன்று பேருக்குள் அது ஒரு விஷயமாக இருந்ததே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத் தொடக்கத்தில் டிரைவர் அண்ணன் லீவு கேட்டிருந்தார். “ஊர்ல எல்லாரும் போறாங்கம்மா. நான் மட்டும் வண்டி ஓட்டிக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க?”

“மலையில ரெண்டு பொண்ணுங்களுக்கு நாள் நெருங்கிடுச்சு. வியாழக்கிழமை போய்ட்டு வந்துடலாம், அப்புறம் பாக்கலாம்” என்றார் டாக்டரம்மா. டிரைவர் அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, யாரோ பின்னால் பிடித்து வைத்தது மாதிரி இருக்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. பஸ் இல்லை. மெக்கானிக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொன்று பேசினார்கள். நானும் பேசினேன். “லீவு குடுக்கலன்னு கோவம்ங்க. வண்டியில ஏதோ பண்ணிட்டுத்தான் போயிருக்காரு” என்று டாக்டரம்மாவிடம் சொன்னது நான்தான். அந்த வண்டியை ஓட்டியதே அவர்தானே, தன்னையும் சேர்த்து யாராவது கவிழ்த்துக்கொள்வார்களா என்ற கேள்வி எனக்கும் வந்தது. வண்டி கிளம்பாமல் இருக்கட்டும் என்று செய்திருப்பார், அது வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று நானே அதற்குப் பதிலும் கண்டுபிடித்துக்கொண்டேன். குழம்பிப் போன மனசுக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

டாக்டரம்மா இரண்டு நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீசுக்கு ஒரு மனு எழுதினார். டிரைவர் வேண்டுமென்றே பிரேக்கைக் கெடுத்ததாகச் சந்தேகப்படுவதாக அதில் இருந்தது. மறியலுக்குப் போனவர்களை லாரி லாரியாகப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் டிரைவர் அண்ணன் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டவர் என்ன நினைத்தாரோ, தாளை மடித்து மேசைமேல் வைத்தார். “நோய் இன்னதுன்னு தெரியாம சீட்டு எழுதக் கூடாது. முதல்ல வண்டிய அவுத்துப் பாக்கலாம், வா” என்றார்.

வீட்டுக் கொல்லையில் வண்டியை ஜாக்கியில் தூக்கினோம். காரோடு வந்த தடித்த புத்தகத்தை டாக்டரம்மா பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். எடுத்த எடுப்பிலேயே குழப்பம். மலையில் தரையைத் தொட்ட பிரேக் இப்போது கல் மாதிரி நின்றது. மிதிக்கவே வேண்டாம், சக்கரம் தானாகவே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன், அசையவில்லை. பிடிக்காத பிரேக்கா, விடாத பிரேக்கா, எதைத் தேடுவது என்றே புரியவில்லை. டாக்டரம்மா சக்கரத்தின் பின்பக்கம், பிரேக் குழாயில் சிக்கும் காற்றை எடுப்பதற்கான சின்னத் திருகை ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்தினார். திரவம் பீய்ச்சி அடித்தது. உடனே சக்கரம் லேசாகச் சுற்றியது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

“சக்கரத்துல ஒண்ணுமில்ல. மேலேர்ந்து வர்ற அழுத்தம் திரும்பிப் போகல. உராஞ்சுக்கினே வந்திருக்கு, அந்தச் சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு, அதான் மிதி இறங்கிப்போச்சு” என்றார். மிதிக்கு நேராக இருந்து அழுத்தத்தை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினோம். உள்ளிருந்த ரப்பர், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, ஊசிக்குழாயால் அந்தத் திரவத்தை எடுத்து அதில் விட்டார். பாதி தண்ணீரோடு கரைந்தது. பாதி கறுப்பாக மேலே வந்து மிதந்தது.

“நல்ல பிரேக் ஆயில் தண்ணியில கரஞ்சுடும். இது என்ஜின் ஆயில். யாரோ ஊத்தியிருக்காங்க.”

முந்தைய ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணன் தன் அக்கா மகனின் காதுகுத்துக்குப் போயிருந்தார். டாக்டரம்மா தானே வண்டியெடுத்து ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்து, “பிரேக் ஆயில் கம்மியா இருக்கா பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு விரல் அளவு கம்மியாக இருந்தது. ஷெட்டில் இருந்த டப்பாவில் ஆயில் என்று எழுதியிருந்தது. ஊற்றினேன். பெரிய வேலை செய்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டேன். பிரேக் ஆயில் என்றால் ஆயில்தானே?

அதைத்தான் நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மா மனுவை என் கையில் கொடுத்தார். “இனி சந்தேகமில்ல, கொண்டுபோய்க் குடு. வரும்போது ரப்பர் செட்டும் வாங்கிக்கினு வா.” வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒருவேளை நான் ஊற்றியது வேறு, இது வேறாக இருக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டபடி நடந்தேன்.

பஜாரில் உதிரிபாகக் கடை பாய் பாதிக் கதவைத் திறந்து என்னைப் பின்பக்கமாக வரச் சொன்னார். ரப்பர் செட்டோடு ஒரு டின்னையும் வைத்தார். “இத மட்டும் ஊத்துங்க தம்பி. பேருதான் பிரேக் ஆயிலு, அது ஆயிலே கெடையாது. வேற ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பரு ஊதிடும்.”

அதற்கு மேல் என்னால் எதையும் கணக்குப் போட முடியவில்லை. ஆனாலும் கால்கள் ஸ்டேஷன் பக்கம்தான் போயின. வளாகத்து வேப்பமரத்தடியில் ஐம்பது அறுபது பேரை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், வேட்டியெல்லாம் செம்மண்ணாக, டிரைவர் அண்ணன். என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினார்.

“தம்பி, அந்தப் பொண்ணுக்கு இன்னா கொழந்தை?”

“ஆண் குழந்தைங்கண்ணா.”

“நல்லாருக்குதா? வண்டிய யாரும் எடுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு. நான் வந்து பாக்கறேன்.”

நான் திரும்பிவிட்டேன். கொல்லையில் டாக்டரம்மா சக்கரங்களின் பாகங்களை ஆஸ்பத்திரித் தட்டுகளில் வரிசையாக வைத்து ஸ்பிரிட்டால் கழுவிக்கொண்டிருந்தார். மனுவை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பாகத்தைக் கழுவி முடித்துத் தட்டில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில், “நீ தெரியாம ஊத்துன. நான் படிச்சவ, என்ன ஆகும்னு தெரிஞ்சே எழுதினேன்” என்றார். தாளைக் கிழித்து ஸ்பிரிட் தட்டில் போட்டார். மை கரைந்து நீலமாகப் பரவியது. மாலைவரைக்கும் நான் மிதிக்க, அவர் கீழே படுத்து ரப்பர் குழாய் வழியாகக் காற்றெடுத்தார். “மிதி. விடாத. இப்ப விடு” என்று கீழிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. பிரேக் சரியானது.

பதினைந்து நாள் கழித்து டிரைவர் அண்ணன் வந்தார். டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லி, மனு எழுதியதையும் கிழித்ததையும் தானே சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம், அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்து நான், ஆயில் ஊற்றியது நான்தான் என்றேன்.

“தெரியும். மலையிலயே என்ஜின் ஆயில் வாசம் தெரிஞ்சுது. நான் ஊத்தல, அம்மா ஊத்த மாட்டாங்க. வேற யாரு?” என்றார்.

“ஏங்கண்ணா அப்பவே சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அன்றும் மலைக்குப் போனோம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வண்டியை அவர்தான் ஓட்டினார். ஆனால் டாக்டரம்மாவை அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். டாக்டர் என்பார். டாக்டரம்மா செய்தது சரியா, மறைத்திருந்தால் அவர்களுக்குள் பழைய மாதிரியே இருந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பக்கம் சாய்வேன், மறுநாள் இன்னொரு பக்கம்.

டாக்டரம்மா இப்போது இல்லை. போன மாதம் தியாகதுருகம் பஸ் ஏறி டிரைவர் அண்ணனைப் பார்க்கப் போனேன். கண் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். ஊர்க்கதை பேசினோம். கிளம்பும்போது, “அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேங்கண்ணா” என்றேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “இதச் சொல்றதுக்கு உனக்கு இவ்ளோ நாளாச்சா?” என்றார்.