வலது கண்ணில் சிவக்காத மேப்பிள்

அந்த அக்டோபரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மேப்பிள் மரம் சரியாகச் சிவக்கவில்லை. மரத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

மாலையில் சோபாவில் இடது பக்கமாகச் சாய்ந்து, பாதி முகம் தலையணையில் புதைய, ஜன்னல் வழியே அந்த மரத்தைப் பார்ப்பது என் வழக்கம். அந்த வாரம் அது காவி படிந்த பழைய துணிபோல இருந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை. குறை கண்டுபிடித்து அடுத்தவர் தலையில் கட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அடுத்தவர் என்றால் என் கணவர் சுந்தர்.

"நீங்க புல்லுக்கு அடிச்ச களை மருந்துதாங்க. மரமே டல்லடிக்குது பாருங்க."

சுந்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "ஆமா, இந்த வருஷம் கொஞ்சம் டல்லாத்தான் இருக்கு."

அவர் கண்ணுக்கு மரம் ரத்தச் சிவப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. வாக்குவாதம் வேண்டாமே என்று ஆமோதித்திருக்கிறார். பதினெட்டு ஆண்டு தாம்பத்தியத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது. அந்தச் சமாதானத்தில் ஐந்து நாட்கள் போயின. கண்ணை அசைத்தால் வலித்ததற்கும் நான் லேப்டாப்பின் மேல் பழி போட்டுவிட்டேன்.

ஆறாவது நாள் பள்ளியிலிருந்து வந்த என் மகள் கயலிடம் மரத்தைப் பற்றிப் புலம்பினேன். "அம்மா, இட்ஸ் சூப்பர் ரெட். வாட் ஆர் யூ டாக்கிங் அபவுட்?" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தேன். மரம் சிவப்பாக இருந்தது. மறுபடி சாய்ந்தேன், காவி. இடது கண்ணைக் கையால் மூடினேன், காவி. வலது கண்ணை மூடினேன், சிவப்பு.

அந்த மரத்தின்மேல் எனக்கு ஏன் அத்தனை உரிமை என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. சுந்தர் காலை ரயிலில் மன்ஹாட்டன் போனால் இரவுதான் வருவார். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு மேப்பிள் இருந்தது. பகல் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உச்சிக் கிளை முதலில் சிவந்தது, பிறகு தெற்குப் பக்கம், கடைசியில் குப்பைத் தொட்டி ஓரம். "மரம் பட்டுப்போகுதுங்க, யார்கிட்டயாவது சொல்லுங்க" என்று நான் கவலைப்பட்டதை அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். விழுந்த இலைகளை டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து அழுத்தி, அம்மாவுக்கு எழுதிய கடிதங்களோடு அனுப்பினேன். அந்த நாட்களின் தனிமையைக்கூட இப்போது ஆசையாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பின்னால் அருகிலிருக்கும் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் வீடு தேடியபோது சுந்தர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். மேப்பிள் நின்ற வீட்டை வாங்கினோம். கயலின் தீபாவளிப் படங்கள் எல்லாம் அதன் கீழே எடுத்தவை, பட்டுப்பாவாடைக்கு மேலே குளிர் ஜாக்கெட்டோடு.

என்னைப் பரிசோதித்த நரம்பியல் கண் மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை என் முன்னால் பிடித்தார்.

"இடக்கண்ணாலே பாருங்கோ. இந்தச் சிவப்புக்கு நூறு எண்டு வைப்பம். இப்ப வலக்கண்ணாலே. எவ்வளவு?"

"நாப்பது" என்றேன். பரீட்சையில் தோற்றவள்போல அழுகை வந்தது.

எனக்கு வந்திருந்தது ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் ஏற்படும் அழற்சி). எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் இரண்டு சிறு புள்ளிகளும் தெரிந்தன. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிவப்பு திரும்ப வருமா டாக்டர்?"

"பார்வை பெரும்பாலும் வந்திடும். நிறம் சில பேருக்கு முழுசா வாறேல்லை. பொறுத்துப் பாப்பம்."

மூன்று நாட்கள் கையின் ரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்புச் சுவை, ஓயாத பசி, காரணமில்லாத கோபம். சுந்தரைத் திட்டிய எல்லாவற்றையும் மருந்தின் கணக்கில் எழுதிவிட்டேன். கடைசி இலை விழுவதற்குள் ஒரு முறையாவது வலது கண்ணால் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் வாசலில் நின்றேன். ஒருநாள் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. காலையில் மரம் வெறுங்கிளையாக நின்றது.

அன்றைக்கு உடைந்து அழுதேன். சுந்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கே நல்லாத்தானே இருக்குன்னு நான் மறுத்துப் பேசியிருக்கணும்மா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒரு நிறம் மங்கியதாகத் தோன்றினால், கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நிறம் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முன்னால் போகும் கார்களின் பிரேக் விளக்கில் முதலில் தெரிந்தது. பிறகு ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் மிளகாய் வற்றல் பாக்கெட்டில், பிறகு கண்ணாடியில் என் குங்குமத்தில். வசந்தத்தில் எழுத்துகளும் தெளிந்தன. கோடையில் ஒருநாள் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் வலது கண்ணுக்குக் குங்குமம் மறுபடி காவி. பதறிப்போய் மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"புதுசா ஒண்டும் வரேல்லை. பயப்பிடாதேங்கோ. உடம்பு குளிர்ந்தாச் சரிவரும்."

இதற்கு உத்தாஃப் விளைவு (காயம்பட்ட நரம்பு உடல் சூட்டில் தற்காலிகமாக மந்தமாவது) என்று பெயராம். தாமிரபரணி வெயிலில் வளர்ந்த எனக்கு இப்போது குளிர்தான் தோது.

அடுத்த அக்டோபரில் வடக்கு ஜெர்சியில் ஒரு குன்றுக்குப் போனோம். பாதி ஏறியதும் உடம்பு சூடேறி வலது கண் மங்கியது. பாறை ஒன்றில் உட்கார்ந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் கயல். "ஒன்னுமில்லடா, பத்து நிமிஷம்" என்றேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்ச் சரிவில் ஒரு பெரிய மேப்பிள் காவியாக நின்றது. காற்று கழுத்தில் பட்டது, வியர்வை அடங்கியது. மெதுவாக உச்சிக் கிளையில் நிறம் ஏறியது. பிறகு நடுவில். பிறகு கீழே வரைக்கும். மற்றவர்களுக்கு மூன்று வாரமாகும் வேலையை, அந்த மரம் எனக்கு மட்டும் பத்து நிமிடத்தில் செய்து காட்டியது.

"வந்துடுச்சா? போலாமா?" என்று சுந்தர் கேட்டார்.

முழுதாக வந்திருந்தது.

"இன்னும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.