வாடகைக்காரியின் கடைசி அத்தியாயம்

என் கணவரின் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் வாடகைக்காரி என்று பெயர். வைத்தவர்கள் படித்தவர்களாம், அதனால் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் மேசை மாடி மாடியாக ஏறி இறங்கியதற்குக் கிடைத்த பட்டம் அது.

முதலில் உளவியல் துறை. கணவனை இழந்த பெண்களோடு மருத்துவமனையின் பின்வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். யாரும் தன் கோபத்தைத் தன் கோபமாகச் சொல்வதில்லை, "பக்கத்து வீட்டுக்காரி கேட்டா" என்று இன்னொருத்தி வாயில் வைத்தே சொல்கிறார்கள் என்று எழுதினாள். "இது பொம்பளைங்க சமாச்சாரம், மேல போங்க" என்றார்கள். மேல் மாடியில் பாலினவியல் துறை. இடைக்காலப் பாட்டுகளில் ஆண் புலவர்கள் பெண்ணாக மாறி நின்று அழவும் ஏசவும் செய்கிறார்களே, ஏன் என்று அங்கே கேட்டாள். "பழைய பாட்டெல்லாம் கீழ, இலக்கியத் துறையில." இலக்கியத் துறையில், "மனசு, ஆம்பள, பொம்பளன்னு என்னத்தையோ போட்டுக் குழப்புறீங்க, யாப்பு எங்க?" என்றார்கள். கடைசியில் மேசை மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மூன்று துறையும் சேர்ந்து கண்டுபிடித்தது அந்த ஒரு இடத்தைத்தான்.

அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. பழைய பாட்டுகளை எழுதியவர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து கேட்டாள். பிறகு ஆண் பெயரோடு, பிறகு பெண் பெயரோடு. பெயர் மாறினால் தீர்ப்பும் தலைகீழாக மாறியது. ஆசிரியர்களிடமும் இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டாள். "எங்களையே சோதிக்கிறீங்களா?" என்று ஒருவர் விடாமல் மறுத்துவிட்டார்கள். நாங்கள் பெயரா பார்க்கிறோம், எழுத்தை மட்டும்தான் பார்க்கிறோம் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு!

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம் வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அறைக் கதவில் 'பேராசிரியர்' என்று ஒரு பலகை இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நேர்முகத்தில் நடந்ததை அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள். இலக்கியத் துறைத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்து பேசினாராம். ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளை, எழுதியவர் பெயரை மறைத்து, இவரைப் போன்ற பெரிய மனிதர்களிடம் கருத்துக்கு அனுப்புவது வழக்கம்.

"இதே விஷயத்தைப் பத்தி ஒரு கட்டுரை எங்கிட்ட வந்துச்சும்மா. யாரோ சின்னப் பையன்தான் எழுதியிருக்கணும். என்ன துணிச்சல், என்ன தெளிவு! நீங்க அவன்கிட்ட கத்துக்கணும்."

"அந்தப் பையன் நான்தான் சார்" என்றிருக்கிறாள் அக்கா.

தலைவர் தண்ணீர் குடித்தாராம். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்களாம். பதவி தலைவரின் மாணவருக்குப் போனது. அவர் ஒரே துறையில் அசையாமல் இருந்தவர். எதையும் தேடாத மனிதருக்கு மாடி ஏறி இறங்க என்ன அவசியம்?

அதோடு விட்டாரா அந்த மகானுபாவர்? முதலில் அவசரத்தில் படித்துவிட்டேன் என்று ஆய்விதழுக்கு இரண்டாவது கருத்து அனுப்பினார். 'அஞ்சாத தர்க்கம், தேர்ந்த நிதானம்' என்று எழுதிய அதே கை, 'உணர்ச்சி மிகுந்த நடை, சொந்த மனக்குறை தெரிகிறது' என்று எழுதியது. கட்டுரையில் ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. கட்டுரை திரும்பி வந்தது, இரண்டு கருத்துகளோடும்.

சாப்பாட்டு மேசையில் அவற்றை அருகருகே வைத்துவிட்டு அக்கா அழுதாள்.

"விடுக்கா, எல்லா இடத்துலயும் நடக்குறதுதானே" என்றார் என் கணவர்.

"நீங்க வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

"கதவுல அந்தப் பலகையைப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுடி" என்றாள் அக்கா. பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவள் முகமே மாறிப்போனது.

"வாத்தியாருங்க ஒருத்தரும் சோதனைக்கு உக்கார மாட்டேன்னாங்கல்ல? இவரு பேரு தெரியாம ஒரு தடவை, தெரிஞ்சு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை உக்காந்துட்டாருடி!"

ஓய்வு பெற்ற பிறகு அவள் புத்தகம் வெளிவந்தது. கடைசி அத்தியாயத்தில் அந்த இரண்டு கருத்துகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அச்சுக்குப் போவதற்கு முன்னால், அந்த ஆள் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி நான் அவளோடு சண்டையே போட்டேன்.

"வேணாம்டி" என்றாள். "பேரு போட்டா அவரைப் பாப்பாங்க. அவரு எழுதினதை யாரு படிப்பா?"