அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்த மீன்

என் மகனுக்கு ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் மருந்து கம்பெனியில் வேலை. பிறந்ததிலிருந்து என் கைச் சாப்பாடுதான். தூத்துக்குடியிலிருந்து வந்த சம்பந்தியம்மா இரண்டே நாள் மீன் குழம்பு வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அத்தை, இனிமே கொழம்பு நீங்களே வைங்க" என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் குளிக்கும் நேரம் பார்த்து மார்க்கெட்டுக்குப் போய்க் கானாங்கெளுத்தி மீன் வாங்கி வந்தேன். பிரிட்ஜில் வைத்தால் அவளே எடுத்து ஆய்ந்துவிடுவாள். அதனால் அரிசி டிரம்முக்குப் பின்னால் பையோடு ஒளித்து வைத்தேன். மதியம் தூங்குவாள் என்று பார்த்தால், அடுப்படியிலேயே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குமேல் கோயிலுக்குக் கிளம்பினாள். அப்புறம்தான் குழம்பு வைத்தேன். கெட்ட வாடை ஏதும் இல்லை.

உப்புப் பார்க்க இரண்டு துண்டு தின்றேன். மிளகைக் கடித்தாற்போல் நாக்கு சுரீரென்றது. கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் காந்தல். நெஞ்சு படபடவென்று ஓடியது.

"மூஞ்சி ஏன் இப்படி செவந்து கெடக்கு?" என்றபடி அவள் உள்ளே வந்தாள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. கீழே படுக்க வைத்து, காலுக்குத் தலையணை வைத்து உயர்த்தி, பிறகு ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

பிரஷர் இறங்கியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டே டாக்டரம்மா, மீன் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"வீட்டுல இன்னைக்கு மீனே வாங்கலயே" என்றாள் சம்பந்தி. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சில மீன் வெளியே சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்று ஒன்று சேருமாம். கொதிக்க வைத்தாலும் போகாதாம். அது ரத்தக் குழாயைத் தளர்த்திவிடும், பிரஷர் இறங்கும், அதை ஈடுகட்டத்தான் இதயம் அப்படி ஓடுகிறதாம்.

சுவரில் மணி ஏழு ஆகப் போகிறது. என் மகன் வேலை விட்டு வந்தால் முதலில் சட்டி மூடியைத்தான் திறப்பான்.

"காலையிலேர்ந்து டிரம்முக்குப் பின்னால இருந்துச்சு" என்றேன். "நான்தான் வெச்சேன். அவன் சாப்டுடுவான், போன் போடுங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போன் போட்டாள். "மாப்ள, அடுப்புல இருக்க கொழம்பத் தொட்டுராதீங்க. பூனை வாய வச்சிட்டு. அப்படியே கொட்டிருங்க."

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் அவள்மேல் எனக்குப் பொறாமை.