வெள்ளைப்பூ எந்தக் கிராங்குக்கு?

என் வேன் நடுரோட்டில் உயிரை விட்டபோது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதி வழி இருந்தது. மகளுக்கு மொட்டை போடக் கிளம்பியிருந்தோம். என்ஜினுக்குள் பிஸ்டன் உதைப்பதை வாங்கிச் சுழலும் கிராங்க் தண்டு முறிந்துவிட்டது. ஆடு ஏற்றி வந்த லோடு வண்டிக்காரர் இரக்கப்பட்டு எங்களையும் ஏற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரியின் பட்டுச்சேலை முந்தானையை ஒரு கிடா மென்று தின்றது. கோயில் வாசலில் இறங்கியதும் அவள் சொன்னாள்:

"இனி ஒங்க வேன்ல கால் வைக்க மாட்டேன். அடுத்த ஆடிக்குச் சின்னவனுக்கு மொட்டை போட நான் பஸ்ல வாரேன். நீங்க ஆட்டோட வாங்க."

தீப்பெட்டிப் பண்டலும் கடலைமிட்டாயும் ஏற்றி அந்த வேனில்தான் பிழைப்பு. பெண்டாட்டியே ஏறாத வண்டி என்று கோவில்பட்டி பூராவும் சிரித்தது. வைராக்கியம் வந்து, என்ஜினை முன்னைவிடப் பலமாக்கச் சொன்னேன். மெக்கானிக் சிலிண்டரை அகலமாகக் கடைந்தார், பெரிய பிஸ்டன் போட்டார், லாரியில் கழற்றிய டர்போவையும் மாட்டினார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, குதிரைசக்திய மட்டும் கூட்டிக்கிட்டே போறோம். அத்தன குதிர ஒதைக்கிறதையும் வாங்குறது கிராங்குதான். அது பலமா இல்லன்னா மறுபடியும் மடக்குனு போயிரும்."

அவரிடம் இரண்டு கிராங்க் இருந்தன. ஒன்று இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிய புத்தம்புது வார்ப்பு, மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பு. மற்றது இதே என்ஜின் போட்ட பெரிய வண்டியில் கழற்றியது. உருக்கைக் காய்ச்சி அடித்துச் செய்தது, ஆனால் பார்க்க அசிங்கம். "அடிச்சதுதான் தாங்கும்" என்றார் அவர். பழசை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி முருகன். கழுகுமலைக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இந்தப் பூ வந்தால் இந்தக் கிராங்க் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டு, சந்நிதியில் வைத்து, மகளை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூடம் ஏற்றி விழுந்து கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள், "வெள்ள எந்தக் கிராங்குக்கு?"

யோசித்தேன். புதுசுக்கா, பழசுக்கா? உருகி உருகிக் கும்பிட்டதில் அந்த ஞாபகமும் சேர்ந்து உருகிப்போயிருந்தது.

"நல்லா இருக்கு. சாமிக்குப் பதில் தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்குக் கேள்வி தெரியல."

"இன்னொரு தடவ கேட்டுருவமா?"

"வேலை எடுத்துக் குத்தப் போறாரு! மயில்ல போறவருகிட்டக் கிராங்கப் பத்திக் கேக்குதீங்களே, அவரு பாவம் என்ன செய்வாரு?"

என்னை நம்பாமல் அவளே பட்டறைக்கு வந்தாள். மெக்கானிக் இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். புதுசு "தொக்" என்றது. பழசு "ணங்ங்ங்" என்று நின்று அதிர்ந்தது.

"வார்ப்பு தொக்குன்னுதான் கேக்கும். பழசுல விரிசல் இருந்தா இப்படி ஒலிக்காது, மதினி."

என் வீட்டுக்காரி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதையே மாட்டுங்க. முருகன் இதத்தான் சொல்லியிருக்காரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அதான் மணி அடிச்சிட்டாரே."

ஆடி பிறந்தது. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறினாள். ஏறியவள் கண்ணைத் திறக்கவில்லை, மாரியம்மனை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாத்தூர் பக்கம் முன்னால் ஆடு ஏற்றிய ஒரு வண்டி. நாற்றம் பட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"தாண்டுங்க."

மிதித்தேன். வேன் ஒரு துள்ளுத் துள்ளித் தாண்டியது. ஆடுகளைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பைக் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கோயிலில் இறங்கியதும் சூடத்தை ஏற்றி முதலில் வேனுக்குக் காட்டினாள். "அம்மன் கோவிச்சுக்கிடமாட்டா. அவளுக்கும் இதக் கொண்டுவந்து சேத்ததில பங்கு இருக்கு."

வெள்ளை எதற்கு என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. மாசாமாசம் கழுகுமலைக்குப் போகிறேன், வேனில்தான். அந்தப் பேச்சை மட்டும் சாமியிடம் எடுப்பதில்லை.