மலைக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு

இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பிபி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்... பலன் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை. ஏற்காடு டவுனைத் தாண்டி, மாரமங்கலம் போகிற ரோட்டில் மல்லிகா நின்றிருந்தாள். ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, போனை முறைத்துக்கொண்டு. மல்லிகா ஒரு தொண்டு நிறுவனத்தின் நர்ஸ். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண் கட்டுவது, ஊசி போடுவது அவள் வேலை. நான் இருபத்திரண்டு வருஷமாக புரோகிராம் எழுதிப் பிழைப்பவன், இப்போது ஏற்காட்டில் வீட்டிலிருந்தே எழுதுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். காரை நிறுத்தினேன்.

"ஏனுங்க சார், இந்த ஆப் சொல்றத மீறிப் போனா வேலைய விட்டு எடுத்துருவாங்களாமா. மீறாம இருந்தா ராமாயிக்காவுக்குக் கால் போயிரும். நான் என்னதானுங்க பண்றது?"

ராமாயி காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஐம்பது வயசு. மாரமங்கலம் பக்கம் ஒரு சரிவில் வீடு. சர்க்கரை வியாதி, பாதத்தில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். மல்லிகா அங்கே போய்ப் பத்து நாளாகிவிட்டது.

ஏன் போகவில்லை?

இரண்டு வருஷமாக மல்லிகா தன் வழியைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் மாரமங்கலம் ரோட்டிலிருக்கும் எல்லா வீடும். மதியத்துக்கு மேல் டவுனுக்குத் திரும்பி, வெள்ளக்கடைப் பக்கம். மழை பெய்தால் எந்த வளைவில் மண் சரியும், எந்த எஸ்டேட் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு நோயாளி விட்டுப்போனதில்லை.

பிறகு நிறுவனம் ஒரு ஆப்பை வாங்கிக் கொடுத்தது. இனி வழியை அதுதான் போடும். 'அருகில் இருப்பவர் அடுத்து' என்பது அதன் விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அருகு என்பதை அது எப்படி அளந்தது தெரியுமா? மேப்பில் இரண்டு புள்ளி. நடுவே ஒரு நேர்கோடு. அவ்வளவுதான்!

எங்கள் மலையில் இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் கேட்கும். நடுவில் பள்ளம். ரோட்டைப் பிடித்துச் சுற்றிப்போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆப்புக்குப் பள்ளம் தெரியாது. மல்லிகாவை இந்தச் சரிவுக்கும் அந்தச் சரிவுக்கும் பந்தாடியது. ஐந்து மணி அடித்தால் பட்டியல் பூட்டிக்கொள்ளும். விட்டுப்போனவர் அடுத்த முறைக்குத் தள்ளப்படுவார். அடுத்த முறையும் அதே வரிசை. ஒவ்வொரு முறையும் கடைசியில் மாட்டுவது ராமாயி.

வரிசையை மாற்றலாம் என்றால் அதற்கு வழியே வைக்கவில்லை. இரண்டு முறை சொந்த முடிவில் ராமாயி வீட்டுக்குப் போயிருக்கிறாள். 'வழி விலகல்' என்று ஆப் மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்தது. மூன்றாவது முறை வேலை போகும் என்று சொல்லிவிட்டார்கள். ஆப்பிலேயே நான்கு முறை புகார் எழுதினாளாம். நான்கு முறையும் ஒரு சிரித்த முகம் பதிலாக வந்திருக்கிறது.

அன்று மூன்றாவது முறையும் மீறினாள். என் காரிலேயே போனோம். வழியெல்லாம் அவள் போனில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. ராமாயியின் மகள் பழைய புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. பின்சீட்டில் படுக்கவைத்து, நேராக சேலத்துக்கு இறக்கினோம். அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். விஷயம் ஆஸ்பத்திரிவரை போய்விட்டதால், மல்லிகாவை மட்டும் வேலையை விட்டு எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, ஆப்பில் இருந்த உதவி எண்ணுக்கு போன் போட்டேன். நாலு பேரைத் தாண்டி, ஆப்பை எழுதிய கம்பெனியின் டீம் லீடர் பிரவீண் கிடைத்தார். மரியாதையான பிள்ளை. மல்லிகாவின் புகார் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. 'சரிபார்த்தோம், பிழை இல்லை' என்று குறித்து மூடியிருந்தார்கள். உண்மைதான். இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். கணக்கு சரியாக வந்திருக்கிறது. எனக்கு எரிந்ததே அதில்தான்.

"சார், சமவெளியில நல்லா ஓடுது. மலை எல்லாம் ஒரு எட்ஜ் கேஸ் சார்" என்றார்.

எட்ஜ் கேஸ்! எங்கள் தொழிலில் இது தினசரி வார்த்தை. எப்போதாவது, எங்கேயோ ஒரு ஓரத்தில் நடக்கிற சங்கதி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மலையில் இருக்கிறவளுக்கு மலை எப்படி ஐயா ஓரமாகும்? மல்லிகா பார்க்கும் நோயாளி அத்தனை பேரும் மலைமேல் இருக்கிறார்கள். கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

யூஸர், யூஸர் என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். அந்த யூஸரை நேரில் பார்த்திருக்கிறோமா? தினமும் காலையில் ஆபீஸில் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அந்த வட்டத்தில் ஒருநாளாவது மல்லிகாவைக் கூப்பிட்டு நிறுத்தினோமா? ரெண்டு வருஷமாக ஒழுங்காக வேலை செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததோடு, அவளுக்குத் தெரிந்ததைச் செய்யவும் விடாமல் பூட்டுப் போட்டோம். அதற்கு 'ஒழுங்குமுறை' என்று பெயர் வேறு!

'போட்டோம்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். 'அரிதாக நடக்கும்' என்று எழுதி நான் மூடிய புகார்கள் எத்தனையோ. அவற்றின் அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றுவரை நினைத்துப் பார்த்ததும் இல்லை.

ஒருநாள் மேலே வாருங்கள் என்று பிரவீணைக் கேட்டேன். ஆப்பின் அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றார். விடவில்லை. தினமும் போன். தொல்லை தாங்காமல்தான் வந்திருக்க வேண்டும் — போன சனிக்கிழமை வந்தார். குப்பனூர் வழியாக மலையேறிய காரை இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறார். நான் பரிதாபப்படவில்லை. மல்லிகாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, ஆப் சொன்ன வரிசையிலேயே போகச் சொன்னேன். இரண்டாவது நோயாளியிலேயே மதியமாகிவிட்டது. அதோடு ஆப்பின் வரிசையை விட்டுவிட்டு, நேராக ராமாயி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் அங்கே காத்திருந்தேன்.

ராமாயி கால் நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிரவீண் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைத் திறந்தார். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு அம்புக்குறி வைத்தார் — மேலே ஏற்ற, கீழே இறக்க. 'வழி விலகல்' எச்சரிக்கையை எடுத்துவிட்டார். மல்லிகாவின் போனில் ஏற்றிக் காட்டினார். அவள் ராமாயியின் பெயரை முதல் இடத்துக்கு நகர்த்தினாள்.

இந்தத் தம்பி என்ன பண்ணுது என்று ராமாயி கேட்டார். இனிமேல் உங்க ஊட்டுக்கு முதல்லயே வர்றதுக்கு வழி பண்ணிட்டாருக்கா என்று மல்லிகா சொன்னாள்.

ராமாயி பிரவீணின் டம்ளரைப் பார்த்தார். அவர் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

"காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சே சாமி. நொம்ப நாள் புடிக்கிற வேலையாக்கும்னு நெனச்சேன். இத அன்னிக்கே பண்ணியிருக்கலாமுல்ல கண்ணு?"

பிரவீண் லேப்டாப்பை மூடினார். அந்த அம்மாள் குற்றம் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குக் கோபப்படத் தெரியவில்லை. அவருக்கும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.