வயிற்றுவலிக்கு முழங்கால் கட்டு

டாக்டர் சீட்டு எழுதுவார், நோயாளி திட்டுவான், நடுவில் நின்று இரண்டையும் கலக்கிக் குலுக்கிப் பாட்டிலில் ஊற்றுபவன் கம்பவுண்டர். அந்தப் பாவப்பட்ட கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால் வாருங்கள், சேர்ந்து அழுவோம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய புதிதில், புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் ஒரு டாக்டரிடம் நான் அந்த வேலையில் இருந்தேன். நோணாங்குப்பம் பக்கத்து வயலாட்கள்தான் எங்களுக்குப் படியளந்தவர்கள்.

முதலுதவி

வரப்பு வெட்டும்போது மண்வெட்டியால் காலைப் பிளந்துகொண்டு முருகேசன் வந்தான். காயத்தின் மேல் மென்ற புகையிலையும் சுண்ணாம்பும், அதற்கு மேல் சேறு, வயிற்றில் சாராயம். அதுதான் அவர்கள் முதலுதவி. கழுவிக் கழுவி என் கை ஓய்ந்தது. முட்டிவரை வெள்ளை வெளேரென்று கட்டுப் போட்டு, சேற்றில் கால் வைத்தால் காலே போய்விடும் என்று பயமுறுத்தி அனுப்பினேன். வைப்பான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். நிலத்துக்கார ஆண்டை கட்டைப் பார்த்ததும், வீட்டில் போய்ப் படு என்று சொல்லிவிட்டாராம்.

"காச்சல்ல நடுங்கிக்கினே ஏர் ஓட்டியிருக்கேன், நம்பினதில்ல. இந்த வெள்ளத் துணிக்கு இன்னா மரியாத பாருங்கய்யா!"

எங்கே வலிக்கிறது?

அவ்வளவுதான், சேதி ஊரெல்லாம் பரவியது. வயிற்றுவலிக்காரன் முழங்காலில் கட்டுக் கேட்டான். இருமல்காரன் தலையில் கேட்டான். நெஞ்சில் கட்டினால் துண்டு மறைத்துவிடுமாம். மருந்தை வாய்க்காலில் ஊற்றினாலும் ஊற்றுவார்கள், கட்டு மட்டும் கசங்காமல் பார்த்துக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிப் படுத்துக் கிடந்ததிலேயே பாதிப் பேருக்கு வியாதி போனது. நானும் சுற்றித் தள்ளினேன்.

எங்கள் டாக்டர் பிரான்சில் படித்தவர். கோபம் வந்தால்தான் என்னை மரியாதையாக, ஐயா என்கிற மாதிரி, 'முசியே' என்பார். துணிச் சுருள்கள் மாயமாய்ப் போவதைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் போன தலைக்கட்டுகளைக் காட்டிக் கேட்டார்:

"முசியே, இத்தனை பேரையும் மண்டையில அடிக்கிற ஆளு யாரு?"

அஞ்சலை

நடவு தொடங்கியதும் முருகேசனின் மனைவி அஞ்சலை வந்தாள். ஏழு மாதம். ஏற்கெனவே இரண்டு தரம் நடவில் குனிந்து குனிந்தே கலைந்துவிட்டது. பிரசவம்வரை குனியக் கூடாது, குனிந்தால் இதுவும் தங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குனியாமல் நாற்று நடுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

மருந்து வாங்க வந்தவள் நகரவே இல்லை. அவள் அழவில்லை, கையை நீட்டினாள்.

"வயித்தக் காட்டினா ஆண்டை சிரிக்கிறாரு. இந்தக் கைய ஒடிச்சி வுட்டுடுங்கய்யா."

மாவுக்கட்டு

ஒடிக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு, வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொல் என்றேன். வீட்டில் முருகேசன் கூழ் கிண்டினான். அவள் படுத்துக்கொண்டே உப்புச் சரியில்லை என்றாள்.

ஆண்டைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக டாக்டரிடம் வந்து, நிஜமாகவே ஒடிந்திருக்கிறதா என்று கேட்டார். வேலை போச்சு, அதைவிட அந்தப் பிள்ளை போச்சு! டாக்டர் கட்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னை முறைத்தார். "ரெண்டு எலும்பு. பிரசவம் ஆகுறவரைக்கும் சேராது," என்றார். ஆண்டை எழுந்தார். வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் காதோரம் வந்தார்.

"எனக்கும் இடுப்பு வலிப்பா. வீட்டுல நம்ப மாட்டேன்றாங்க. பெருசா ஒண்ணு போட்டு வுடேன்."

பிரித்த நாள்

கட்டுப் பிரிக்க அஞ்சலை வந்தபோது, மறு கையில் பெண் குழந்தை, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அவள் கையைப் பார்க்கவே இல்லை. குழந்தையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காலையும் கையையும் நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா சேர்ந்திருக்கு."

எத்தனையோ கட்டு போட்டிருக்கிறேன். அதில் உருப்படியான ஒன்று, ஒடியாத கைக்குப் போட்டதுதான்.